கெண்டைக்காலும் போர்த்துகீசியச் சிப்பாயும்

தான் கோவாவில் இறந்துபோன விஷயத்தை முனிகிருஷ்ணன் அல்சூர் மார்க்கெட் சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டான். அப்போது அவன் தோளில் இரண்டு சைக்கிள் டியூப்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்து, ஆகஸ்ட் மாதக் கடைசி. வெறுங்கையோடு கோவா எல்லையைத் தாண்டிப் போன சத்தியாக்கிரகிகளைப் போர்த்துகீசியர்கள் சுட்டுத் தள்ளிய மாதம். ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கவேண்டிய விஷயந்தான், அதில் முனிகிருஷ்ணனுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சைக்கிள் கடையைப் பாதி நாள் மூடிவிட்டு அவனும் ஊர்வலத்தில் போய்க் கத்திவிட்டு வந்திருந்தான்.

சுவரொட்டி ஒரு கதவுப் பலகை அகலம் இருந்தது. காக்கி உடையில் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் குனிந்து நிற்கிறான். தரையில் கிடக்கும் ஒருவனின் வலது காலைத் தூக்கி, பாதத்தை இரண்டு கையாலும் பற்றி முறுக்குகிறான். கிடப்பவன் வாயைப் பிளந்து அலறுகிறான். அவன் தலைக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கிக் குண்டு. கீழே பெரிய எழுத்தில்: "போர்த்துகீசிய மிருகத்தின் பிடியில் உயிர்நீத்த பெயர் தெரியாத தியாகி! இதைப் பார்த்துமா தூங்குகிறாய்? இங்ஙனம், அந்நியப் படை அட்டூழிய விளக்கக் கழகம், சிக்பேட்டை."

பெயர் தெரியாத தியாகிக்கு முனிகிருஷ்ணனின் முகம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போர்த்துகீசிய மிருகத்துக்கு எதிர்வீட்டு டெஸ்மண்டின் முகம்.

இங்கே கொஞ்சம் நின்று, கெண்டைக்கால் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. ஓடும்போது கெண்டைச் சதை சுருங்கும், விரியும். அதிகம் ஓடினால், சில சமயம் சுருங்கிய சதை விரிய மறந்து கல்லாகிவிடும். விழுந்தவன் தானே அதைச் சரிசெய்துகொள்ள முடியாது. கை எட்டாது, எட்டினாலும் மனசு வராது. பக்கத்தில் இருப்பவன் யாராவது குதிகாலைப் பிடித்து முட்டியை நேராக்கி, பாதத்தை மேல்நோக்கி அழுத்த வேண்டும். பத்து எண்ணும் வரை விடக் கூடாது. ஏழாவது எண்ணிக்கையில் வலி உச்சத்துக்குப் போகும். பத்தாவதில் சதை இளகும். கால்பந்து மைதானத்தில் இந்த உபகாரத்தை யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் செய்வார். எந்தக் கட்சிக்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

நாற்பத்தேழாம் வருஷம் நவம்பரில், தண்டு என்கிற ராணுவக் குடியிருப்பிலிருந்து கிளம்பவிருந்த ஒரு பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் அல்சூர்க்காரர்களுக்கும் பிரிவுபசார மேட்ச் நடந்தது. பட்டாளத்தின் விளையாட்டு உடைகளெல்லாம் பெட்டி கட்டி பம்பாய்க்குப் போய்விட்டதால், அவர்கள் காக்கியிலேயே ஆடினார்கள். அல்சூர்க்காரர்கள் வழக்கம்போல வெறுங்காலில். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது முனிகிருஷ்ணன் பந்தோடு விழுந்தான், கெண்டை பிடித்துக்கொண்டது. அதுவரை அவனைத் துரத்திக்கொண்டிருந்த டெஸ்மண்ட், துரத்துவதை நிறுத்திவிட்டுக் காலைப் பிடித்தான். பிரிகேட் ரோடு ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஏழாவது எண்ணிக்கையில் படம் எடுத்தார்.

டெஸ்மண்ட் கப்பல் ஏறவில்லை. பட்டாளத்திலிருந்து விலகி, கிளீவ்லேண்ட் டவுனில் தையல் மெஷின் வைத்திருந்த பவுலினைக் கல்யாணம் செய்துகொண்டு, முனிகிருஷ்ணனின் கடைக்கு எதிர்வரிசையில் குடிவந்தான். ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. எட்டு வருஷமாக அந்தத் தெருவில் சோறும் ரசமும் சாப்பிட்டு வருகிறான். ஒருமுறை உடைந்து கோணலாகச் சேர்ந்த அவனுடைய மூக்கு, அல்சூரில் கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடி அடையாளம் தெரிந்த வஸ்து.

முனிகிருஷ்ணன் தெருவுக்குத் திரும்பியபோது டெஸ்மண்ட் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஏற்கெனவே உடைந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பா வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நோடம்மா, பாரும்மா பவுலின், எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடு. அட்டூழியம் பண்றவங்களுக்கு நான் வாடகைக்கு விடறதில்ல."

"எட்டு வருஷமா இவருக்கு நான் ரசம் ஊத்தறேன்," என்றாள் பவுலின். "போர்த்துகீசியனா இருந்தா எனக்குத் தெரியாம போயிருக்குமா?"

"நான் போர்ச்சுகலை மேப்புல கூட சரியாப் பார்த்ததில்ல, மேன்," என்றான் டெஸ்மண்ட். கண்ணாடித் துண்டுகளை ஒரு முறத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

முனிகிருஷ்ணன் முன்னால் வந்தான். "அண்ணே, அந்தப் படத்துல கீழ கெடக்கறது நான்தான். கெண்டை பிடிச்சுது, இவரு எடுத்துவிட்டாரு. அவ்ளோதான்."

கோவிந்தப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். "முனி, அது நீ இல்லப்பா. அவன் செத்துட்டான். அச்சுலயே போட்டிருக்கு. நீதான் உசுரோட நிக்கறியே."

"அப்ப மேல நிக்கறவன்?"

"அது டெஸ்மண்ட். மூக்கைப் பாரு."

"ஒரே படத்துல அவரு மட்டும் அவரு, நான் மட்டும் நான் இல்லையா?"

"ஆமா," என்றார் கோவிந்தப்பா, சந்தேகம் தீர்த்துவைத்த திருப்தியோடு.

பட்டறையிலும் விஷயம் முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கோவிந்தப்பா போனபிறகு பவுலின் படியில் உட்கார்ந்தாள். "அவரு பொறந்த ஊர்ல அவருக்கு யாரும் இல்ல, முனி. எனக்கு இந்த ஊரைத் தவிர வேற எங்கயும் யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமை தையல் மெஷினைத் தூக்கிட்டு நாங்க எந்தப் பக்கம் நடக்கணும்னு நீ சொல்லு."

அன்று செவ்வாய்க்கிழமை. முனிகிருஷ்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு சிக்பேட்டைக்குப் பஸ் ஏறினான்.

அந்நியப் படை அட்டூழிய விளக்கக் கழகம் ஒரு சாக்குக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாசலில் ஒரு பலகை: "சந்திப்பு நேரம், பொதுஜனம்: மாலை மூன்று முதல் நான்கு. உணர்ச்சிவசப்பட்டவர்கள்: எந்நேரமும்." அப்போது மணி பதினொன்று.

வாசலில் இருந்த தொண்டர் கேட்டார்: "உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. கொஞ்சம் அவசரம்."

"அப்ப மூணு மணிக்கு வாங்க."

மூன்று மணிக்குக் காரியதரிசி இளங்கோவன் அவனை வரவேற்றார். இளங்கோவன் தனியறையில் ஒருவரிடம் பேசினாலும் மைதானத்தில் பேசுவதுபோலத்தான் பேசுவார். வாக்கியம் முடிந்ததும், கைதட்டுவதற்கு வேண்டிய நேரம் விட்டு, அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவார்.

"சார், அந்தப் போஸ்டர்ல கீழ கெடக்கறது நான்," என்றான் முனிகிருஷ்ணன்.

இளங்கோவன் எழுந்தார். தலையைக் குனிந்து கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார். அவர் நிற்கிறாரே என்று முனிகிருஷ்ணனும் எழுந்து, தனக்காகத் தானே ஒரு நிமிஷம் நின்றான்.

பிறகு உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னான். மேட்ச், கெண்டைக்கால், ஏழாவது எண்ணிக்கை, உடைந்த ஜன்னல், ஞாயிற்றுக்கிழமைக் கெடு. இளங்கோவன் பொறுமையாகக் கேட்டார்.

"தோழரே! நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதற்குக் கழகத்திடம் பத்தாயிரம் பிரதிகள் இருக்கின்றன. நீங்கள் உயிரோடு இருப்பதற்கு உங்களிடம் எத்தனை பிரதிகள் இருக்கின்றன?"

"ஒண்ணுதான் சார்."

"பார்த்தீர்களா? நாங்கள் உண்மைக்கு விரோதிகள் அல்ல. உண்மை வரட்டும். உட்காரட்டும். காப்பி சாப்பிடட்டும். ஆனால் அதைச் சுவரில் ஒட்ட முடியுமா? தூரத்திலிருந்து தெரியுமா? மக்களுக்குத் தேவை உண்மை அல்ல, தோழரே. உண்மையைப் பார்த்தால் வரக்கூடிய கோபம். அந்தக் கோபத்தை நாங்கள் நேராகவே கொடுத்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் சிரமத்தை மக்களுக்காகக் கழகம் ஏற்றுக்கொள்கிறது."

"சரிங்க சார். ஆனா அந்தக் கோபம் எங்க தெருவுல ஜன்னலை உடைக்குது."

"உடைத்துவிட்டதா?" இளங்கோவன் முகம் மலர்ந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, "அல்சூர், ஜன்னல் ஒன்று" என்று குறித்துக்கொண்டார். "நல்ல பலன். மனு எழுதிக் கொடுங்கள். முகபாவ உபகுழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதுவரை வேண்டுமானால் பிளாக் அறையில் தியோடரைப் பாருங்கள். படத்தைப்பற்றிய நுட்பமெல்லாம் அவருக்குத்தான் தெரியும்."

பின்பக்கத்து அறையில் திராவக நெடி மூக்கைத் துளைத்தது. தியோடர் மெலிந்த மனிதர். விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன. முனிகிருஷ்ணனைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புருவத்தைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார்.

"நீயா! ஏழு வருஷமா உன்னைக் கழுவித் தொடைச்சு வச்சிட்டிருக்கேன், பா. உக்காரு, உக்காரு."

தன் வேலையைப்பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல அவர் ஆரம்பித்தார். போட்டோவை நேராக அச்சிட முடியாது. அச்சு யந்திரத்துக்கு மை உண்டு, மை இல்லை, இரண்டே இரண்டுதான் தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. அதனால் படத்தைக் கட்டம் போட்ட கண்ணாடி வழியாக மறுபடி படம் பிடித்து, புள்ளிகளாக உடைக்கவேண்டும். நிழல் இருக்கிற இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சம் இருக்கிற இடத்தில் சின்னப் புள்ளி. அதைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, திராவகத்தில் அரிக்கவிட்டு, தகட்டை மரக்கட்டையில் ஆணி அடித்துப் பொருத்தினால் பிளாக். ஒரு நல்ல பிளாக் செய்ய முழுசாக இரண்டு நாள். அதனால் எந்தப் பிளாக்கையும் தூக்கி எறிவதில்லை.

அவர் ஒரு மர அலமாரியைக் காட்டினார். இழுப்பறைகளில் சீட்டு ஒட்டியிருந்தது. "கண்ணீர், பெண்கள்." "கண்ணீர், முதியோர்." "எரியும் குடிசை." "கை முஷ்டி, வலது." "அட்டூழியம், பொது."

கடைசி இழுப்பறையை இழுத்தார். "பிரிகேட் ரோடு ஸ்டுடியோக்காரன் லண்டனுக்குப் போறப்போ, பழைய கண்ணாடி நெகட்டிவை எல்லாம் ஜன்னலுக்குப் போட வித்துட்டான். ஒரு பெட்டி நான் வாங்கினேன். அதுல நீ இருந்தே. முகத்தைப் பார்த்ததுமே, இது பல வருஷத்துக்கு உழைக்கும்னு தெரிஞ்சுபோச்சு."

"உழைச்சுதுங்களா?"

"நாப்பத்தெட்டுல இந்தோனேஷியா. டச்சு சிப்பாய் கால ஒடிக்கிறான். ஐம்பத்திரண்டுல மலாயா. போன வருஷம் இந்தோசீனா, பிரெஞ்சுக்காரன். எல்லாம் சின்ன துண்டுப் பிரசுரம், கட்டைவிரல் அளவு. உன் ஊர்ல யாரும் பார்த்திருக்கமாட்டாங்க. இந்த வருஷந்தான் காரியதரிசி பெரிசாப் போடச் சொன்னாரு. பெரிய பிளாக் பண்ணேன்."

"எல்லா எடத்துலயும் நான் செத்தேனா?"

தியோடர் யோசித்தார். "இந்தோனேஷியாவுல சாகல. கால் மட்டுந்தான் போச்சு."

"அந்தக் குண்டு?"

"அது உன் ஃபுட்பால், பா. அந்தக் காலத்துப் பந்துல லேஸ் கட்டியிருக்கும். லேஸ் மேல கறுப்பு தொட்டேன், பீரங்கிக் குண்டு ஆயிடுச்சு. காக்கிச் சட்டையில நான் கையே வைக்கல. மூஞ்சியிலயும் வைக்கல. நான் பொய் சொல்றவன் இல்ல; லேஸ் மட்டுந்தான்."

அன்றைக்கு மைதானத்தில் சுற்றிலும் இருந்தது எவ்வளவோ, அதில் எதுவும் தகட்டில் இல்லை. கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம், கோல் கம்பம், எலுமிச்சம்பழத் தட்டோடு ஓடிவந்த பட்டாளத்துச் சமையல்காரர், எல்லாவற்றையும் ரம்பம் வைத்து அறுத்தாகிவிட்டது. துண்டுப் பிரசுரத்தின் அகலத்துக்கு அடங்கவேண்டும் அல்லவா? வேண்டாததை அறுப்பார்கள். வேண்டியது எது என்பது கீழே எழுதப்போகிற வாசகத்தைப் பொறுத்தது.

வெளியே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகைச் சுவரில் சாய்க்காமல், நிமிர்ந்து, ஜாக்கிரதையாக. நாராயணசாமி என்று பெயர்; நெசவு மில் தொழிலாளி. சத்தியாக்கிரகக் கோஷ்டியோடு நிஜமாகவே கோவா எல்லைக்குப் போய், துப்பாக்கிக் கட்டையால் நிஜமாகவே அடிவாங்கி, மூன்று விலா எலும்பு முறிந்து திரும்பியவர். பத்து நாளாகக் கழகத்துக்கு வந்துபோகிறார்.

"உங்களைப் படம் புடிக்கலையா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"புடிச்சாங்க. நல்லா வரலையாம். பஸ்சுக்கு நிக்கறவன் மாதிரி இருக்கேனாம். காரியதரிசி சொன்னாரு, உங்க காயம் சட்டைக்கு உள்ளே இருக்கு, பொதுஜனம் சட்டைக்கு வெளியே இருக்குன்னு." அவர் சிரிக்கப் பார்த்தார், விலா வலித்தது. "உங்க போஸ்டரைக் கொடுத்து, வீட்ல கண்ணாடி முன்னால பழகிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அண்ணே, அதுல என் காலைப் புடிச்சிருக்கறவரு என் சிநேகிதரு. அடிக்கல. கெண்டை எடுத்துவிட்டாரு."

நாராயணசாமி தாழ்ந்த குரலில் சொன்னார்: "என்னை அடிச்சவன் மூஞ்சி எனக்கு நல்லா ஞாபகம் இருந்துது. கறுப்பு மீசை, சின்ன வயசு. அடிக்கறப்போ அவனுக்கே கை நடுங்குச்சு. தினமும் இந்தப் போஸ்டரைப் பார்த்துப் பார்த்து, இப்ப கண்ணை மூடினா கோணமூக்குக்காரன்தான் வரான். என்னை அடிச்சவனை நான் தொலைச்சுட்டேன், தம்பி."

வெள்ளிக்கிழமை முகபாவ உபகுழு கூடியது. ஐந்து அங்கத்தினர்கள். நீள மேஜை. சுவரில் படத்தின் பெரிய பிரதி. மனுதாரர், தானே படத்தில் இருப்பவர் என்பதை நிரூபிக்கவேண்டும் என்றார்கள்.

"எப்படிங்க?"

"தரையில் படுத்து அந்த முகபாவத்தைக் காட்டுங்கள்."

முனிகிருஷ்ணன் படுத்தான். தொண்டர் ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்தார். முனிகிருஷ்ணன் வாயைத் திறந்தான். உபகுழு படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தது.

"கோரம் போதாது," என்றார் ஒருவர்.

"கண்ணில் அந்நிய ஆதிக்கத்தின் கொடுமை தெரியவில்லை," என்றார் இன்னொருவர். "காலைப் பத்து மணிக்குப் பல் வைத்தியரிடம் போனவர்போல இருக்கிறது."

"கெண்டை பிடிச்சாத்தாங்க அந்த மூஞ்சி வரும்," என்று தரையிலிருந்து சொன்னான் முனிகிருஷ்ணன்.

மூன்றாமவர் வழக்கறிஞர். "அதாவது, இப்போது உமக்கு வலி இல்லை. படத்தில் இருப்பவருக்கு வலி இருக்கிறது. எனவே நீர் அவர் அல்ல." இதைத் தீர்மானமாக எழுதி, முன்மொழிந்து, வழிமொழிந்தார்கள். கூடவே இன்னொரு தீர்மானம்: படத்தில் உள்ள வலி அசல் வலியே என்று உபகுழு ஏகமனதாகக் காண்கிறது.

"வலி அசல்தாங்க!" முனிகிருஷ்ணன் எழுந்து உட்கார்ந்தான். "அதை யாரு இல்லேன்னா? ஆனா அந்த ஆளு வலியக் கொடுக்கல, எடுத்தாரு! நாளை மறுநா ஞாயித்துக்கெழமை. ஒரு குடும்பம் தெருவுல நிக்கப்போவுது சார். போஸ்டரைக் கிழிச்சுடுங்க. இல்லே, கீழ ஒரு வரி சேத்துடுங்க. இவரு போர்த்துகீசியன் இல்லேன்னு."

இளங்கோவன் எழுந்தார். "தோழரே! போர்த்துகீசியன் அல்லாத ஒருவன் போர்த்துகீசியனின் அட்டூழியத்தைச் செய்துகொண்டிருப்பதாக ஒரு படத்தை நாங்கள் எப்படி வெளியிட முடியும்? அது மக்களை ஏமாற்றுவதாகாதா? கழகத்துக்கு ஒரு நாணயம் உண்டு. மேலும், உருவாகிவிட்ட பொதுஜன அபிப்பிராயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள எங்களிடம் ரிஜிஸ்தர் இல்லை. அனுப்பும் ரிஜிஸ்தர் ஒன்றுதான் இருக்கிறது."

அப்போது கதவோரம் நின்ற தியோடர் இருமினார்.

"சார், ஒரு விஷயம். பிளாக்ல மேல்பாகம் தேய்ஞ்சு போயிருக்கு. சிப்பாய் தலை இருக்கற எடம். அடுத்த பதிப்புல எப்படியும் கறையா விழும். நான் கழுத்தோட அறுத்துட்டா என்ன?"

தியோடர் தொடர்ந்தார்: "ஒவ்வொரு தடவையும் நாடு மாறும்போது தொப்பி சரியா இல்லையே, முடி சரியா இல்லையேன்னு யோசிக்கறோம். தலையே இல்லேன்னா எந்த நாட்டுக்கும் பொருந்தும்."

இளங்கோவன் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. "தலையில்லாத சிப்பாய்! ஆதிக்கத்துக்கு முகமே கிடையாது என்று இருபது வருஷமாகப் பேசிவருகிறேன். அதைக் காட்டலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லையே!"

நிபந்தனை ஒன்று வைத்தார்கள். புதுப் பதிப்பில், 'உயிர்நீத்த' என்பதை 'உயிர்தப்பிய' என்று மாற்றி, தியாகியின் பெயரையும் போடுவார்கள். பெயர் இருந்தால் நம்பிக்கை கூடும். அதற்கு முனிகிருஷ்ணன், தனக்கு வலித்தது உண்மை என்றும், வலித்தபோது காலைப் பிடித்திருந்தவன் அந்நியச் சிப்பாய் என்பது உண்மை என்றும், இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் எக்காலத்திலும் சொல்வதற்கில்லை என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

அரை மணிக்கு முன் அவன் அவனில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தவர்கள் இதையும் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

முனிகிருஷ்ணன் பேனாவை வாங்கிக்கொண்டு, காகிதத்தை இரண்டு தடவை படித்தான். எழுதியிருந்ததில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. திறந்த கதவுக்கு வெளியே, பெஞ்சிலிருந்து நாராயணசாமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பவுலின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பாள் என்று ஒரு கணம் நினைத்துப்பார்த்தான். கையெழுத்துப் போட்டான்.

தியோடர் அப்போதே பிளாக்கைப் பிடிகருவியில் இறுக்கி, ரம்பத்தை எடுத்தார். துத்தநாகம் மென்மையான உலோகம். சத்தம் மட்டும் பெரிதாக வரும். நாலு இழுப்பில் டெஸ்மண்டின் தலை மேஜைமேல் விழுந்து ஒருமுறை உருண்டது.

சனிக்கிழமை மாலைக்குள் பழைய சுவரொட்டி எல்லாவற்றின்மேலும் புதியது ஏறிவிட்டது. இரண்டு பூட்ஸ், ஒரு காக்கி உடம்பு, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. கீழே முனிகிருஷ்ணனின் அலறலும் அவன் பெயரும், அல்சூர் என்ற ஊரும். கோவிந்தப்பா கைவிளக்கை உயர்த்திப் பிடித்து நெடுநேரம் ஆராய்ந்தார்.

"மூக்கு இல்லையே," என்றார். "அப்ப இது டெஸ்மண்ட் இல்ல."

"இல்லண்ணே," என்றான் முனிகிருஷ்ணன்.

"அதான் எனக்கு அப்பவே சந்தேகம். அவரு நல்ல மனுஷரு." நோட்டீசைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாகவும் பவுலினிடம் சொன்னார். பிறகு முனிகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "ஆனா முனி, இது நீதான். பேரே போட்டிருக்கு. எட்டு வருஷமா எதிர்ல இருந்துக்கிட்டு, கோவாவுல இவ்ளோ பட்டிருக்கே, ஒரு வார்த்தை சொல்லலையே, பா."

திங்கட்கிழமை காலை சைக்கிள் கடை திறந்ததும் கழகத்திலிருந்து இரண்டு தொண்டர்கள் வந்து வாசலில் நின்றார்கள். உயிர்தப்பிய தியாகிக்குப் பாதுகாப்பு. எதிரிலேயே ஒரு வெள்ளைக்காரன் குடியிருப்பது கழகத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது; அவன் நல்லவனாகவே இருக்கலாம்; ஆனால் அவனைப் பார்த்தால் தியாகிக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும் அல்லவா?

பத்து மணிக்கு டெஸ்மண்ட் பட்டறைக்குக் கிளம்பினான். சைக்கிளின் பின் டயரில் காற்று இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு, "முனி!" என்று கூப்பிட்டபடி தெருவின் குறுக்கே வந்தான். தொண்டர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஒருவர் நடுத்தெருவில் டெஸ்மண்டின் மார்புக்கு நேராக உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். மற்றவர் சைக்கிளை மட்டும் வாங்கிக்கொண்டு கடைக்குத் தள்ளிவந்தார்.

"விடுங்கப்பா, அவரு என் சிநேகிதரு!" என்றான் முனிகிருஷ்ணன்.

தொண்டர் தன் சகாவிடம் கிசுகிசுத்தார்: "பாத்தியா, இன்னும் பயம் போகல. இப்படிச் சொன்னாத்தான் உடுவாங்கன்னு பழகிப்போச்சு."

முனிகிருஷ்ணன் டியூபைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினான். சைக்கிள் தெருவைக் கடந்து திரும்பிப் போனது. அந்தப் பக்கத்திலிருந்து டெஸ்மண்ட் கையைத் தூக்கினான். இந்தப் பக்கத்திலிருந்து முனிகிருஷ்ணன் தூக்கினான். அவன் கையைத் தொண்டர் ஆதரவாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

ஒரு மாதம் இப்படியே போனது. சைக்கிள் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் வேண்டுமென்றே ஆணி குத்திக்கொண்டு வருகிறானோ என்று முனிகிருஷ்ணனுக்குச் சந்தேகம். ஒருநாள் ஒரே டியூபில் நாலு ஓட்டை இருந்தது.

வெளியூர்க்காரர்கள் தியாகியைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். அக்டோபரில் ஒருநாள் இளங்கோவனே ஒரு கூட்டத்தை அழைத்துவந்தார். கூடவே கேமராவோடு தியோடர். அந்த நேரத்தில் எதிரே டெஸ்மண்ட் வாசலுக்கு வந்து, வழக்கம்போலக் கையைத் தூக்கினான். முனிகிருஷ்ணன் அவனைப் பார்த்தான். நடுவில் பதினைந்தடித் தெரு. இவன் தூக்கப்போன கையைத் தொண்டர் ஏற்கெனவே பிடித்திருந்தார்.

"பாருங்கள், தோழர்களே!" இளங்கோவன் குரல் தெருமுனைவரை கேட்டது. "இன்றைக்கும் ஒரு வெள்ளைக்காரனைக் கண்டால் இவர் கண் கலங்கிவிடுகிறது!"

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தியோடர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தவிப்போடு சொன்னார்:

"அப்படியே இரு, பா. தொடைக்காதே."